ஜெர்மனி அடுக்குமாடி வீட்டில் கேமரா காலிங் பெல் மாட்டலாமா?

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு வந்திருக்கிறீர்கள். படிக்கட்டில் வைத்துவிட்டுப் போன பார்சல்கள் காணாமல் போயிருக்கின்றன. பகலில் மனைவி தனியாக இருக்கிறார் என்பதால் கேமரா வைத்த காலிங் பெல் வாங்கியாயிற்று, கதவுக்கு வெளியே மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். மாட்டாதீர்கள்.

ஊரில் அபார்ட்மெண்ட் வாசலில் ஆளாளுக்குக் கேமரா வைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரியும். ஆனால் இங்கே கதவுக்கு வெளியே இருக்கும் படிக்கட்டு எல்லாருக்கும் பொது. மாடிவீட்டுக்காரர் எத்தனை மணிக்கு, யாரோடு வருகிறார் என்பது உங்கள் போனில் சேர்வதை அவர் சும்மா விடமாட்டார். சட்டமும் அவர் பக்கம்தான். ஸ்டுட்கார்ட்டில் கேர்வோகெ என்று வீட்டுக்கு வீடு முறைவைத்துப் படிக்கட்டைக் கழுவுவார்கள், உங்களுக்கும் சீக்கிரம் முறை வரும். எதிர்வீட்டுப் பாட்டி வாளியோடு உங்கள் வாசல்முன் குனியும்போதெல்லாம் போன் 'டிங்' என்று அடித்து ஒரு வீடியோ சேமிக்கும். நிர்வாக அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் போக வேறென்ன வேண்டும்?

கதவும் நீங்கள் நினைத்தபடி துளை போடக்கூடியது அல்ல. ஃபிளாட்டின் வாசற்கதவு கட்டடத்தின் பொதுச்சொத்து என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றமே 2013-இல் சொல்லிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரரே தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்றால் வாடகைக்கு இருப்பவர் கதையைச் சொல்லவே வேண்டாம்.

கேமரா அடியோடு கூடாது என்பதில்லை. கட்டடத்தின் கீழ்வாசலில் வீடியோ பெல் வைக்கும் வழக்கில் 2011-இல் அதே நீதிமன்றம் வைத்த வரம்பை நினைவில் வையுங்கள்: யாராவது மணியை அழுத்தினால் மட்டும் கேமரா விழிக்க வேண்டும், படம் அழைக்கப்பட்ட வீட்டுக்கு மட்டும் போக வேண்டும், அதிகபட்சம் ஒரு நிமிடத்தில் அணைந்துவிட வேண்டும், நிரந்தரமாகப் பதிவு செய்யும் வசதியே இருக்கக்கூடாது. நீங்கள் வாங்கியிருப்பது ஆள் நடமாட்டம் கண்டாலே பதிவு செய்து கிளவுடுக்கு அனுப்பும் வகை. நேர்மாறு.

அப்புறம் ஒலி. படிக்கட்டில் இருவர் பேசிக்கொள்வதை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்வது இங்கே குற்றவியல் சட்டம் 201-ஆம் பிரிவில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். அக்கம்பக்கத்தில் அனுமதி வாங்கிவிடலாமே என்பீர்கள். எல்லா வீட்டாரும் சம்மதித்தாலும், அவர்களைப் பார்க்க வரும் விருந்தாளியிடமும் தபால்காரரிடமும் யார் கேட்பது?

இந்தக் கண்டிப்பு உங்களையும் காப்பாற்றும். உள்வாடகைக்கு விட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, வாடகைதாரரின் வாசலை ரகசியக் கேமராவால் கண்காணித்தது பெர்லினில் ஒரு வீட்டு நிறுவனம். அந்தப் படங்களைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

மனைவிக்கு வெளியே யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? கதவில் ஏற்கெனவே இருக்கும் பார்வைத் துளையில் பொருந்துகிற டிஜிட்டல் கண் கிடைக்கிறது. உள்ளே சின்னத் திரை. பட்டனை அழுத்தினால் மட்டும் படம். சேமிப்பும் வைஃபையும் இல்லாத மாடலாகப் பாருங்கள். புதிதாகத் துளை போட வேண்டியதில்லை என்றாலும் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பழைய கண்ணாடியைப் பத்திரமாக வையுங்கள். காலி செய்யும்போது திரும்ப மாட்டித் தர வேண்டும்.

பார்சலுக்குக் கேமரா மருந்தே அல்ல. டிஎச்எல் என்ற பார்சல் நிறுவனத்தின் ஆப்பில் பதிவு செய்து, நீங்களே போய்த் திறந்து எடுத்துக்கொள்ளும் மஞ்சள் நிறப் பாக்ஸ்டேஷன் பெட்டிக்கு வரவழையுங்கள், ஏழு நாள் வைத்திருப்பார்கள். உங்களைக் கேட்காமல் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போனது தொலைந்தால், பொருள் கைக்கு வரவில்லை என்று கடைக்காரருக்கு எழுதுங்கள், பொறுப்பு அவருடையது. ஆனால் 'இங்கே வைத்துவிடுங்கள்' என்று ஆப்பில் நீங்களே இடம் குறித்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதை முதலில் பாருங்கள்.

அந்த பெல்லை ஆன்லைனில் வாங்கியிருந்தால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம். பெட்டியைப் பிரித்திருந்தாலும் பரவாயில்லை.