எக்ஸ்ரே சரி, கால் சரியில்லை

வரம்பில் கால் பிரண்டு ஏழு கிழமை. எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்றார்கள். படி இறங்கினால் இன்னும் உள்ளுக்குள் குத்துகிறது. வீட்டில் "சுளுக்குத்தானே" என்கிறார்கள். காசு கட்டி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
- பரந்தன் வாசகர்

தம்பி, "முறிவு தெரியவில்லை" என்பது வேறு, "எலும்பில் ஒன்றுமில்லை" என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லி அனுப்புவதுதான் எனக்கு நெடுநாள் கோபம். எக்ஸ்ரே ஒரு நிழல். கணுக்காலில் எலும்புகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைத் தாங்கும் தாலஸ் எலும்பின் மேல்முகத்தில் குருத்தெலும்போடு பெயர்ந்த துண்டு, குதிக்கால் எலும்பின் முன்முனை வெடிப்பு போன்றவை அதில் தப்பிவிடும். எலும்புக்குள் கன்றிய காயம் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். மெல்லிய வெடிப்பின் வடிவத்துக்கு சி.டி. ஸ்கான் நல்லது.

நானும் ஒருமுறை விழுந்து, வலிக்கு இறுக்கமான கணுக்கால் பட்டி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே இரண்டு மாதம் நடந்தேன். கடைக்காரர் எலும்பையும் பிடிக்கும் என்றார். பிறகுதான் தாலஸ் காயம் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்பவும் வருத்தம்.

உங்கள் வலி அலட்சியம் செய்கிற வலி இல்லை. ஆனால் முதலில் அரச ஆஸ்பத்திரியின் எலும்பு கிளினிக்குக்குப் பழைய படத்தோடு போங்கள். முதலில் மறைந்த வெடிப்பு, ஆறத் தொடங்கியபின் எடுக்கும் இரண்டாவது எக்ஸ்ரேயில் தெரிவதுண்டு. எம்.ஆர்.ஐ. தேவையென்றால் எதைத் தேடுகிறார்கள் என்று வைத்தியர் எழுதித் தரட்டும். அந்தக் கடிதம் இல்லாமல் காசு கட்டாதீர்கள்.

நேற்றுக் கால் பிரண்டது. நடக்கிறேன், வீக்கம் மட்டும். எம்.ஆர்.ஐ.க்கு முற்பணம் கட்டிவிட்டேன். சரிதானே?
- வவுனியா வாசகர்

சரியில்லை, திருப்பிக் கேளுங்கள். கனடாவின் ஒட்டாவா வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட விதி உலகமெங்கும் பயன்படுகிறது: கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் மொளிகளின் பின்விளிம்பிலும் நுனியிலும், பாதத்தின் வெளி ஓரத்து நடு எலும்பிலும், உள்பக்க நடுப்பாத எலும்பிலும் அழுத்தினால் நோவில்லை, நாலு அடி நடக்கவும் முடிகிறதென்றால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயே தேவையில்லை. விசாரிக்காமல் காசைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுவது எத்தனையாவது கடிதம்!

2009 போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இடுப்பில் இருக்கிறது. கணுக்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமா?
- புதுக்குடியிருப்பு வாசகி

கட்டாயம் சொல்லுங்கள், அக்கா. பதியும்போது ஒருமுறை, மேசையில் படுக்கும் முன் இன்னொருமுறை. அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். துண்டு எங்கே இருக்கிறதென்று முதலில் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். வேண்டாமென்றால் சி.டி. எடுக்கலாம். நம் ஊரில் இப்படி எத்தனை பேர்! உடம்பில் இரும்பு உண்டா என்று கேட்காத நிலையத்தில் படுக்காதீர்கள்.

எக்ஸ்ரேக்குக் காசு வாங்கினார்கள். படமும் தரவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை.
- மாங்குளம் வாசகர்

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், ஐயா. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் திகதி, தொகை, நிலையத்தின் பெயர் எழுதிக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். படத்தையும் விடாதீர்கள். அடுத்த வைத்தியர் கேட்கப்போவது அதைத்தான்.