மெக்னீசியம் பேட்டரி மின்முனைக்கு எந்தப் பாதுகாப்புப் பூச்சு நல்லது? லித்தியத்துக்குப் போடுவதையே போட முடியாதா?

போடலாம், ஆனால் பெரும்பாலும் செல் ஓடாது.

லித்தியம் உலோகம் மின்பகுளியை (மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் திரவம்) தொட்டதும் மேலே ஒரு மெல்லிய படலம் தானாகவே உருவாகும். லித்தியம் அயனி அதற்குள் புகுந்து போய்விடும். மெக்னீசியத்திலும் வழக்கமான கார்பனேட் கரைப்பான்களில் படலம் வரும். அயனிதான் அதைத் தாண்டாது. இத்தனைக்கும் இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு (ஆரம் மெக்னீசியத்துக்கு 0.72, லித்தியத்துக்கு 0.76 ஆங்ஸ்ட்ராம்). மெக்னீசியத்தின் மின்சுமை இரட்டிப்பு என்பதால், திடப்பொருளுக்குள் சுற்றியிருக்கும் எதிர்மின் அயனிகள் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அலுமினா போன்ற ஆக்சைடுப் பூச்சு லித்தியத்தில் எடுபட்டு இங்கே படுத்துவிடுவதும் இதனால்தான்.

2000-ல் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தின் அவுர்பாக் குழு, அடைக்கும் படலமே வராத மின்பகுளியை வைத்துச் செல்லை ஓட்டிக் காட்டியது. ஆனால் அந்த வகை மின்பகுளிகளில் குளோரின் இருக்கும். ஸ்டீலையும் அலுமினியத்தையும் அரிக்கும். பூச்சின் மீது கவனம் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

செய்ய எளிது உலோகக் கலவைப் பூச்சு. கிளவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) மெக்னீசியத் தகட்டை பிளேடால் சுரண்டினால் மங்கல் போய்ப் பளபளக்கும். அதை பிஸ்மத் குளோரைடு கரைசலில் முக்கினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். அந்தக் கறுப்பில் உள்ள பிஸ்மத்–மெக்னீசியம் சேர்மத்துக்குள் மெக்னீசியம் அயனி நன்றாகவே நகரும். வெள்ளீயக் குளோரைடிலும் இப்படிச் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்தப் பூச்சு எலக்ட்ரானையும் கடத்தும். அதனால் சார்ஜ் ஏற்றும்போது மெக்னீசியம் பூச்சுக்கு அடியில் படியாமல் மேலேயே படியலாம். அப்புறம் எதைப் பாதுகாக்க?

என் ஓட்டு பாலிமருக்குத்தான். 2018-ல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினர் பாலிஅக்ரிலோநைட்ரைலையும் மெக்னீசிய உப்பு ஒன்றையும் சேர்த்துச் சூடாக்கிப் பூச்சாக்கினார்கள். அது அயனியை விடுகிறது, எலக்ட்ரானை விடுவதில்லை; கார்பனேட் மின்பகுளியிலேயே மெக்னீசியம் மின்முனையில் படிந்து, திரும்பக் கரைந்தது. ஆனால் மெக்னீசியம் கரையும்போது அடியில் குழி விழும், மேலே உள்ள பூச்சுக்குப் பிடிமானம் போகும். அது எந்தப் பூச்சுக்கும் உள்ள தலைவலி.

எதிர்ப்பக்க மின்முனையான கேத்தோடில் பூச்சின் வேலை வேறு: அங்கே உள்ள பொருள் கரைந்து போகாமல் காப்பது.

யாராவது பூச்சு பூசிய செல் நூற்றுக்கணக்கான சுற்று (சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) ஓடியதாகக் காட்டினால், மெக்னீசியத் தகட்டின் தடிமனைக் கேளுங்கள். தகடு தடிமனாக இருந்தால் சுற்றுக்குச் சுற்று மெக்னீசியம் வீணானாலும் வரைபடத்தில் தெரியாது.