பெய்யும் இடத்திலேயே பிடியுங்கள்: சென்னை மழை, வெள்ளம், குடிநீர் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2003-இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோதே வீட்டில் மழைநீர்க் குழி வெட்டினோம். கொஞ்சம் மழை வந்தாலே அது வழிந்து தெருவுக்கு ஓடுகிறது. சித்திரையில் கிணறும் வற்றிவிடுகிறது. குழி வெட்டியது வீண்தானா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வீணல்ல. ஆனால் உங்கள் மண்ணுக்கு அது போதாது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். அடைமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 4,650 லிட்டர் இறங்கும். உங்கள் குழி மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு சுமார் 1,270 லிட்டர். ஜல்லியும் மணலும் நிரப்பிய பிறகு தண்ணீருக்கு மிஞ்சுவது 500 லிட்டர்தான். ஐந்தாறு மி.மீ. மழைக்கே நிரம்பிவிடும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணற்பாங்கான இடங்களில் அது உடனே உள்ளே போய்விடும். பெரம்பூர், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். தண்ணீர் அப்படியே நிற்கும்.

உங்களுக்குத் தேவை உறைக்கிணறு. மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளைக் களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை இறக்க வேண்டும். 15 அடி இறங்கினாலே ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். உள்ளே எதையும் நிரப்பாதீர்கள். விழும் தண்ணீர் அடிமண்ணைக் கலக்காமலிருக்க அடியில் ஓரடிக்கு ஜல்லி போட்டால் போதும். கீழ் உறைகளின் இணைப்புகளில் சிமெண்ட் பூசக் கூடாது. பூசினால் தண்ணீர் பக்கவாட்டில் கசியாது. களிமண் இன்னும் ஆழம்வரை போனால், கிணற்றின் அடியிலிருந்து மணல்வரை துளையிட்டு, துளைகளுள்ள பிவிசி குழாய் இறக்கலாம்.

மாடித் தண்ணீர் கிணற்றுக்குள் விழும் முன் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டாயம். கீழே கருங்கல் ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே ஆற்று மணல். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேதான்: மேல் மணலில் தூசியும் இலைச் சக்கையும் படிந்து ஏடு கட்டிவிடும், தண்ணீர் இறங்காது. புரட்டாசி முடிவதற்குள் மேலே மூன்று அங்குல மணலை எடுத்து அலசிப் போடுங்கள், அல்லது மாற்றுங்கள். முதல் மழையில் நூறு, இருநூறு லிட்டரை வால்வு வைத்து வெளியே விட்டுவிடுங்கள். கார் கழுவிய நீரும் தெருத் தண்ணீரும் உள்ளே வரவே கூடாது. செப்டிக் டேங்க் பக்கம் கிணறு வேண்டாம்.

பழைய கிணறு இருந்தால் அதை மூடாதீர்கள். மழைநீரை இறக்க அதைவிட நல்ல இடமில்லை. தூர் வார யாரையும் சட்டென்று உள்ளே இறக்கிவிடாதீர்கள். காற்றோட்டமில்லாத கிணற்றில் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் உங்கள் மாடியிலிருந்து மட்டும் ஒரு லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போகும்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டனவே, இனி ஏரிகளை நம்ப வேண்டுமா? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: வேண்டும். மீஞ்சூர் ஆலை 2010-இலும் நெம்மேலி ஆலை 2013-இலும் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் திறனில் கட்டப்பட்டவை. அவை இருந்தும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்த ஆலைகளுக்கு மின்சாரச் செலவும் அதிகம். கொடுங்கையூர், கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு எங்களுக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. அந்த அளவுக்கு ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.

கேள்வி: புதிதாக மழைநீர் வடிகால் கட்டியும் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே இல்லை. ஏன்? (வேளச்சேரி வாசகர்)

பதில்: வடிகால் தண்ணீரைக் கொண்டுபோகும், அவ்வளவுதான். போய்ச் சேர இடம் வேண்டும். உங்கள் பகுதி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலை அடைய வேண்டும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்ததால் கடல் கொந்தளித்தது. முகத்துவாரங்கள் நீரை உள்வாங்கவில்லை. அந்த நேரத்தில் வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தியிருக்க வேண்டிய சதுப்பு நிலத்தையோ குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் சுருக்கிவிட்டோம். மிஞ்சியிருப்பதில் சுமார் 1,250 ஹெக்டேர் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஒரு ஏக்கர்கூட இனி போகக் கூடாது.

தெருவளவில் இரண்டைக் கவனியுங்கள். வைகாசி வெயிலிலும் வடிகாலில் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரை இணைத்திருக்கிறார்கள். மழைக்கு அங்கே இடமிராது. மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். அடுத்து, சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால், ஒவ்வொரு முறையும் உங்கள் வாசல் பள்ளமாகும். வேலை தொடங்கும் நாளிலேயே கேளுங்கள். வீட்டுச் சாக்கடைக் குழாயில் எதிர்த்திசை ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு போட்டால் கழிவறை வழியாக வெள்ளம் ஏறாது.

கேள்வி: கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்? (முடிச்சூர் வாசகர்)

பதில்: முதலில் கலங்கலை இறைத்துவிடுங்கள். சேற்றுத் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. பிறகு கிணற்று விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785-ஆலும் பெருக்கினால் நீரின் அளவு கன மீட்டரில் கிடைக்கும். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். 1.2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் சுமார் 3,400 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் போதும், வெள்ளத்துக்குப் பின் 5 கிராம். ஆக உங்களுக்கு 17 கிராம். புதிதாகத் திறந்த பொட்டலமாக இருக்கட்டும். நாள்பட்ட பவுடரில் வீரியம் போயிருக்கும். வாளியில் பசைபோலக் குழைத்து, முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க மட்டும் சில நாள் காய்ச்சுங்கள். தண்ணீரில் எண்ணெய் வாடை இருந்தால் பிளீச்சிங் பவுடர் உதவாது. மிக்ஜாமின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது போன்ற நிலையில், பரிசோதனை முடிவு வரும்வரை அந்தக் கிணற்றைத் தொட வேண்டாம்.