லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கை எப்படிப் பூட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: லேப்டாப்பில் வீட்டார் அனைவரின் ஐசி (அடையாள அட்டை) நகல், சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), ஈபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட், அப்பாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு எல்லாம் இருக்கின்றன, திரை மாற்றக் கடையில் விட வேண்டும், விண்டோஸ் பாஸ்வர்ட் போதுமா என்று.

போதாது. அது வாசல் கதவுக்கு மட்டும்தான் பூட்டு. பின்மூடியைக் கழற்றி, எஸ்எஸ்டியை உருவி, யுஎஸ்பி கேசிங்கில் போட்டு வேறொரு கணினியில் செருகினால் கோப்புகள் அத்தனையும் தெரியும். டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்தால்தான், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றினால்தான் தப்பிக்கலாம்.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் ஆன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்திருக்க வேண்டும். லோக்கல் அக்கவுண்ட் மட்டும் இருந்தால் டிஸ்க் என்கிரிப்ட் ஆனாலும் சாவி பூட்டிலேயே தொங்கும், பாதுகாப்பு இல்லை. புரோ பதிப்பில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதி) முழுதாக உண்டு. அதில் 'யூஸ்ட் ஸ்பேஸ் ஒன்லி' என்பதை விட்டு முழு டிரைவையும் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியில் நீங்கள் அழித்த கோப்புகளின் மிச்சம் காலி இடத்தில்தான் கிடக்கிறது.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், பலர் டேட்டாவை இழப்பது இங்கேதான். 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உருவாகும். மதர்போர்டு மாற்றினாலோ, சில பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ, விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் முடியாது. ஆன்லைன் அக்கவுண்டில் சேமித்திருந்தாலும், அந்த அக்கவுண்டின் பாஸ்வர்டை மறந்தால் என்ன செய்வீர்கள்? தாளில் பிரிண்ட் எடுத்து, சூராட்டுகள் வைக்கும் ஃபைலில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் வேண்டவே வேண்டாம். பயாஸ் அப்டேட்டுக்கு முன் புரோவில் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் 'சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்' கொடுத்துவிடுங்கள்.

சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், பிட்லாக்கர் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் புரோவில் வெளி டிஸ்க்கையும் பிட்லாக்கரில் பூட்டுகிறீர்கள் என்றால் அதைப் பாதியில் பிடுங்காதீர்கள். 'பாஸ்' (Pause, இடைநிறுத்து) அழுத்திவிட்டு எடுங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒருமுறை படிக்கவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். படித்ததைத் திரும்ப எழுதவும் வேண்டும் என்பதால் இரவு முழுக்க விடுங்கள்.

லேப்டாப்பைப் பூட்டிவிட்டு, நகல் எடுத்த டிஸ்க்கைத் திறந்தே போடுவது பெரிய ஓட்டை. ஹோம் பதிப்பால் வெளி டிஸ்க்கைப் பிட்லாக்கரில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க மட்டும் முடியும். அதனால் இலவச மென்பொருளான வெராகிரிப்டில் ஒரு கன்டெய்னர் (பாஸ்வர்ட் போட்ட பெட்டி போன்ற ஒரே பெரிய கோப்பு) உருவாக்கி நகலை அதற்குள் வையுங்கள். பாஸ்வர்ட் 20 எழுத்துக்கு மேல் இருக்கட்டும். டிஸ்க்கின் ஃபார்மேட் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. நகல் எடுக்கும் முன்பே எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். வெராகிரிப்டின் டூல்ஸ் மெனுவில் வால்யூம் ஹெடரையும் (கன்டெய்னரைத் திறக்கத் தேவையான தகவல் இருக்கும் தலைப்பகுதி) பேக்கப் எடுங்கள், அது கெட்டால் சரியான பாஸ்வர்டும் உதவாது.

கடையில் கொடுக்கும்போது ஸ்லீப்பில் விடாமல் ஷட் டவுன் செய்யுங்கள். திரை மாற்ற உங்கள் பாஸ்வர்ட் தேவையில்லை, லாகின் திரை வந்தாலே வேலை சரியா என்று பார்த்துவிடலாம். மேலும் சோதிக்க வேண்டும் என்றால் அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வர்டைக் கொடுங்கள். லேப்டாப் திரும்பியதும் அதை நீக்கிவிடலாம்.