எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா வேண்டாமா? முதல்ல அந்த உதறலைப் பாருங்க

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால பேர் இல்லாம அவங்க கடிதத்தைச் சுருக்கித் தர்றேன்:

"அண்ணா வணக்கங்க. எங்ககிட்ட டர்போ பெட்ரோல் எஸ்யூவி இருக்குங்க, டிசிடி ஆட்டோமேட்டிக். வாங்கி 2 வருஷம் 10 மாசம் ஆச்சு, 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 3 வருஷ வாரண்டி இன்னும் ஆறு வாரத்துல முடியுது. ஷோரூம்ல இருந்து தினமும் போன். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி 34,000, அதோட அண்டர்பாடி கோட்டிங்கும் சேத்து 43,500, இன்னிக்கே கட்டினாத்தான் இந்த ரேட்டுங்கறாங்க. என் தம்பி எட்டு வருஷமா ஒரு சின்ன கார் வச்சிருக்கான், 'வாரண்டி எல்லாம் தண்டம்கா, நான் ஒரு ரூபா கட்டல, ஒண்ணும் ஆகல'ங்கறான். வீட்டுக்காரர் நீயே முடிவு பண்ணுன்னுட்டார். மாசம் ரெண்டு தடவை தாளவாடில எங்க அம்மா வீட்டுக்குப் போவோம், திம்பம் மலைப்பாதை ஏறும்போது மட்டும் வண்டி லேசா உதறும், மத்தபடி ஒரு குறையும் இல்ல. எங்க வீடு காவிரிக்கரைப் பக்கம், வெள்ளத் தண்ணி வண்டிக்குள்ள போனா இந்த வாரண்டில வருமா? இன்னும் நாலு வருஷமாவது இந்த வண்டியை வச்சிருக்கணும்னு ஆசை. என்ன பண்ணலாம் சொல்லுங்கண்ணா."

வணக்கம்மா. முடிவை முதல்லயே சொல்லிடறேன், எடுங்க. ஆனா இன்னிக்கு எடுக்காதீங்க, 43,500-க்கும் எடுக்காதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அது நீங்க கேள்வியாவே கேக்காம போற போக்குல எழுதின அந்த ஒரு வரில இருக்கு. "திம்பம் ஏறும்போது லேசா உதறும்." உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டு தடவையும் அந்த வரிலதான் நின்னேன்.

டிசிடி கியர்பாக்ஸ்ல ரெண்டு கிளட்ச் இருக்கும், ஒண்ணு ஒத்தைப்படை கியருக்கு, இன்னொண்ணு ரெட்டைப்படை கியருக்கு. நாம கால்ல மிதிக்கிற கிளட்சை இதுல கம்ப்யூட்டர் மிதிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம ஊர்ல ஓடற டிசிடி வண்டி நிறைய டிரை கிளட்ச் வகை, அதாவது கிளட்ச் ஆயில்ல முங்கி இருக்காது, சூடானா காத்துலதான் ஆறணும். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. முன்னாடி லோடு லாரி ஊர்ந்து போகும், பின்னாடி நீங்களும் ஊர்ந்து போகணும். அந்த நேரம் பூரா கிளட்ச் முழுசா பிடிக்கவும் முடியாம முழுசா விடவும் முடியாம அரையும் குறையுமா உரசிக்கிட்டே ஏறும், சூடாகும், சூடான கிளட்ச் சீரா பிடிக்காம வண்டி உதறும். வழக்கமா நடக்கற உதறலாவும் இருக்கலாம், கிளட்ச் தேய்மானமாவும் இருக்கலாம், கிளட்சை இயக்கற ஆக்சுவேட்டர்ல கோளாறாவும் இருக்கலாம், எதுன்னு நான் இங்க உக்காந்துக்கிட்டு சொல்ல முடியாது, வண்டியை ஏத்திப் பார்த்தவங்கதான் சொல்லணும். ஆனா ஒண்ணு மட்டும் உறுதி, இந்த ஆறு வாரத்துக்குள்ள நீங்க அதைக் கம்ப்ளைண்டா எழுதி வச்சுட்டா அது கம்பெனியோட பழைய வாரண்டி காலத்துலயே பதிவான பிரச்சனை. எழுதாம விட்டுட்டு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்து ஏழாவது மாசம் கொண்டுபோய் நிறுத்தினா "இது முன்னாடியே இருந்த பிரச்சனைங்க"ன்னு ஒரு வார்த்தை வர வாய்ப்பு இருக்கு.

அதனால நாளைக்கே சர்வீஸ் சென்டருக்கு அப்பாயிண்ட்மெண்ட் போடுங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, ஜாப் கார்டுல எழுத வைங்க. "வைப்ரேஷன்"னு ஒத்தை வார்த்தை எழுதுவாங்க, அது பத்தாது. "மலை ஏத்தத்துல ஒண்ணு ரெண்டு கியர்ல மெதுவா ஏறும்போது உதறல், இத்தனை நிமிஷம் ஓட்டின பிறகு வருது"ன்னு எழுதச் சொல்லுங்க, எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க. டெஸ்ட் டிரைவுக்கு டெக்னீசியனை பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஓட்டுங்க. சமதரைல ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டு "ஒண்ணும் இல்லீங்க மேடம்"னா விடாதீங்க, பக்கத்துல மேடு இருக்கற ரோட்டுக்குப் போங்க, இல்லேன்னா அடுத்த தடவை திம்பம் போறப்ப பக்கத்துல இருக்கறவங்க போன்ல வீடியோ எடுக்கட்டும், ஆர்பிஎம் முள்ளு தெரியற மாதிரி. ஏசி சத்தம், கதவு கிரீச், ஸ்கிரீன் அப்பப்ப உறைஞ்சு நிக்கறது, சன்ரூஃப் சத்தம்னு வேற எது இருந்தாலும் அதே ஜாப் கார்டுல ஏத்திடுங்க. வாரண்டி முடியற கடைசி மாசத்துல வண்டியை ஒரு தடவை இப்படி முழுசா காட்டறது ஒவ்வொருத்தரும் பண்ண வேண்டிய வேலை, பல பேர் பண்றதே இல்ல.

இப்ப உங்க தம்பி சொன்னதுக்கு வர்றேன். அவர் பொய் சொல்லலம்மா, அவர் வண்டிக்கு அவர் சொல்றது சரி. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின், கையால போடற கியர், அதுல கிளட்ச் தேஞ்சா வெளில நல்ல மெக்கானிக்கிட்ட மாத்திக்கலாம், கைமீறிப் போகாது. அந்த மாதிரி வண்டிக்கு என்கிட்ட கேட்டாலும் அந்தக் காசை பேங்க்ல தனியா போட்டு வைங்கன்னுதான் பெரும்பாலும் சொல்லுவேன். உங்க வண்டி வேற ஜாதி. டர்போ, ஹை பிரஷர் ஃபியூல் பம்ப், இன்ஜெக்டர், டிசிடி, அதோட ஆக்சுவேட்டர், அதுக்கொரு கம்ப்யூட்டர், பெரிய டச் ஸ்கிரீன், எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். இதுல எதுவுமே ரோட்டோரக் கடைல பிரிச்சு மாட்டற ஐட்டம் இல்ல, போனா அப்படியே யூனிட்டா மாத்தணும். டிசிடி மொத்தமா போச்சுன்னா பில்லு லட்சத்துல பேசும். 34,000-ங்கறது ரெண்டு வருஷத்துக்கு, மாசக் கணக்கு போட்டா 1,400 ரூபாய் சுமார். ஒரே ஒரு பெரிய பார்ட் போனாலும் அதைவிட மேல போயிடும், எதுவுமே போகலேன்னா 34,000 போயிடும், ரெண்டும் நடக்கலாம். மாசம் ரெண்டு தடவை திம்பம் ஏறி இறங்கற டிசிடி வண்டியை இன்னும் நாலு வருஷம் வச்சிருக்கப் போறவங்களுக்கு நான் எடுக்கத்தான் சொல்லுவேன். ஒரு வருஷத்துல விக்கப் போறேன்னு எழுதியிருந்தீங்கன்னா பதில் வேற மாதிரி இருந்திருக்கும்.

கிலோமீட்டர் கணக்கும் பாத்துக்கோங்க. எல்லா வாரண்டிலயும் வருஷம் ஒண்ணு, கிலோமீட்டர் ஒண்ணுன்னு ரெண்டு எல்லை போட்டிருப்பாங்க, எது முதல்ல வருதோ அதோட முடிஞ்சுது, சில கம்பெனில மட்டும் கிலோமீட்டருக்கு எல்லை இருக்காது. மாருதி 2024 ஜூலைல இருந்து புது வண்டிக்கு 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்னு மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி 2 வருஷம் அல்லது 40,000 தான். அந்தப் பழைய கணக்குல நிறைய ஓடின வண்டிக்கெல்லாம் ஒன்றரை வருஷத்துலயே வாரண்டி முடிஞ்சு போச்சு, ஓனருக்கே தெரியாது. நீங்க வருஷத்துக்கு 16,000 சொச்சம் ஓட்டறீங்க, அஞ்சு வருஷம் முடியும்போது 80,000 பக்கத்துல நிக்கும், அதனால 1 லட்சம்னு எல்லை போட்டிருந்தாலும் உங்களுக்கு முழு ரெண்டு வருஷமும் கிடைக்கும். மாசம் ரெண்டாயிரத்தி ஐநூறு ஓட்டறவங்களா இருந்தா இதே காசுக்கு பாதிகூட அனுபவிக்க மாட்டாங்க.

"இன்னிக்கே கட்டணும்"ங்கறதை நம்பி அவசரப்படாதீங்க. பழைய வாரண்டி முடியற தேதிக்குள்ள எடுக்கணும்ங்கறதுதான் நிஜமான கெடு, அந்தத் தேதி உங்க வாரண்டி புக்லயே இருக்கும், டெலிவரி எடுத்த நாள்ல இருந்து கணக்கு. வண்டி வயசு கூடக்கூட ரேட் படிப்படியா ஏறும், அதுவும் நிஜம், புது வண்டி எடுக்கும்போதே எடுத்திருந்தா உங்களுக்குக் கம்மியா முடிஞ்சிருக்கும், அது போகட்டும். ஆறு வாரத்துக்குள்ள ரேட் மாறுமான்னு வாட்ஸ்ஆப்லயோ மெயில்லயோ எழுத்துல கேளுங்க. வண்டி அடில துரு பிடிக்காம பூசற அந்த கோட்டிங் 9,500-ஐ தனியா பிரிச்சுடச் சொல்லுங்க, அதுக்கும் வாரண்டிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. 34,000-ல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேந்திருக்கா இல்ல மேல வருமான்னும் கேட்டுக்கோங்க.

அடுத்தது முக்கியம். இது கார் கம்பெனியோட சொந்த எக்ஸ்டெண்டட் வாரண்டியா, இல்ல டீலர் வேற ஒரு கம்பெனியோட பேக்கேஜை விக்கறாரா? பேப்பர்ல யார் பேர் இருக்குன்னு பாருங்க. கம்பெனியோடதா இருந்தா ஈரோட்டுல எடுத்ததை மைசூர்லயும் காட்டலாம், நீங்க தாளவாடி போறவங்க, திடீர்னு அந்தப் பக்கம் வண்டி நின்னா அது உதவும். வெளிக் கம்பெனியோடதுல ஒரு தடவைக்கு இவ்வளவு, மொத்தத்துக்கு இவ்வளவுன்னு உச்சவரம்பு வச்சிருக்கலாம், முதல்ல நீங்க காசு கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கோங்கன்னு இருக்கலாம். அந்த வகைன்னா நான் யோசிப்பேன்.

பேப்பரை வாங்கினதும் என்னென்ன வரும்ங்கற பக்கத்தைப் படிக்காதீங்க, என்னென்ன வராதுங்கற பக்கத்தை முதல்ல படிங்க. பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில் எல்லாம் தேய்மானப் பொருள், எங்கயும் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அததைத் தயாரிச்ச கம்பெனி தர்ற வாரண்டிதான். சாதா கியர் வண்டில கிளட்ச் பிளேட்டும் தேய்மானம்தான். உங்க விஷயத்துல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான், "டிசிடி கிளட்ச் பேக் (அந்த ரெண்டு கிளட்சும் சேந்த செட்) இதுல வருமா வராதா?" ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இது மாறும். "எல்லாம் வரும் மேடம்"ங்கற பதிலை எடுத்துக்காதீங்க, எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு விரலை வச்சுக் காட்டச் சொல்லுங்க. கிளட்ச் பேக் வராது, ஆக்சுவேட்டரும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் வரும்னா அப்பவும் எடுக்கலாம், ஆனா 34,000 கொஞ்சம் அதிகம்னு பேரம் பேசுங்க.

நான் பல வருஷம் ஒரு சர்வீஸ் சென்டர்ல முன்னாடி டெஸ்க்ல உக்காந்து ஜாப் கார்டு எழுதினவன். ஒரு வாத்தியாரோட வண்டி இன்னமும் கண்ணு முன்னாடி நிக்குது. நாலாவது வருஷம், எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கு, சர்வீஸ் ஒண்ணு விடாம பண்ணியிருக்கார். ஒரு நாள் காலைல லைட்டும் எரியல, கதவு லாக்கும் வேலை செய்யல. டாஷ்போர்டுக்குக் கீழ பிரிச்சுப் பார்த்தா கம்பெனி வயர் ரெண்டைச் சீவி இன்னொரு வயரை முறுக்கிச் சேத்து கருப்பு டேப் சுத்தியிருக்கு, வெயில்ல டேப் பசை உருகி ஒழுகி பக்கத்து கனெக்டர் பூரா பிசுபிசுன்னு அப்பியிருக்கு. வெளில ஒரு கடைல ரிவர்ஸ் கேமரா மாட்டியிருக்கார், மூவாயிரமோ என்னவோ. போட்டோ எடுத்து அனுப்பினோம், ரெண்டு நாள்ல கிளெய்ம் கிடையாதுன்னு பதில் வந்துடுச்சு. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அவர் கோவப்படல, "கேமரா மாட்டினா போயிடும்னு யாரும் சொல்லலியே சார்"னு மட்டும் சொன்னார். நாங்க சொல்லலதான், அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. அதனால உங்களுக்குச் சொல்றேன், கேமரா, ஹாரன், லைட்டு, மியூசிக் சிஸ்டம் எதுவா இருந்தாலும் வயரை வெட்டி மாட்ட விடாதீங்க, கப்ளர்ல சொருகற மாதிரி இருந்தா மட்டும் கம்பெனிகிட்ட கேட்டுட்டு மாட்டுங்க. எலி கடிச்ச வயரும் வாரண்டில வராது. சர்வீஸ் தேதி தள்ளிப் போச்சு, வெளில ஆயில் மாத்தினோம், பில் இல்லன்னாலும் இன்ஜின் கிளெய்ம்ல அதைத்தான் முதல்ல தோண்டுவாங்க, பில் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.

வெள்ளத்தைப் பத்தி கேட்டீங்க. வாரண்டில வரவே வராதும்மா, அது தயாரிப்புக் குறை இல்ல. அது இன்ஷூரன்ஸ் விஷயம், அதுலயும் தண்ணி புகுந்து இன்ஜின் கெட்டா காசு தர்ற இன்ஜின் புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) இருக்கு, உங்க பாலிசில அது இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க. காவிரிக்கரைல இருக்கற உங்களுக்கு அது கட்டாயம் வேணும். தண்ணி ஏறி நின்ன வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, சிலிண்டருக்குள்ள போன தண்ணியைக் காத்து மாதிரி அமுக்க முடியாது, பிஸ்டன் மேல வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். 2015 டிசம்பர்ல சென்னைல தண்ணி வடிஞ்சதும் "ஓடுதான்னு பார்ப்போம்"னு சாவியைத் திருப்பினவங்க எத்தனை பேர் இன்ஜினை இழந்தாங்க. டோ பண்ணித்தான் எடுக்கணும்.

நடுவுல விக்கற மாதிரி ஆனா வாரண்டியை வாங்கறவர் பேருக்கு மாத்திக் கொடுக்க முடியுமான்னும் கேட்டு வைங்க, பெரும்பாலும் முடியும், விக்கும்போது நாலு காசு கூடக் கிடைக்கும். நாளைக்கு ஏதாவது கிளெய்ம் மறுத்தாங்கன்னா காரணத்தை எழுத்துல வாங்குங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லுங்க, அப்பவும் தீரலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, வக்கீல் இல்லாமலே மனு போடலாம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும்.

திம்பம் ஏறும்போது இன்னொண்ணு பண்ணிப் பாருங்க. முன்னாடி லாரி ஊர்ந்தா அதோட ஒட்டி ஊராம பிரேக்ல காலை வச்சு முழுசா நிறுத்திடுங்க, ரெண்டு வண்டி நீளம் இடம் கிடைச்சதும் ஒரே மூச்சுல நகருங்க. மேட்டுல ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது கிளட்சுக்கு ஆகவே ஆகாது. இப்படி ஓட்டியும் உதறல் அப்படியே இருந்தா அதையும் ஜாப் கார்டுல எழுத வைங்க. அந்த ஜாப் கார்டு நகல் கைக்கு வந்த பிறகு, அவங்க என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி எனக்கும் எழுதுங்கம்மா, பணம் கட்டறதுக்கு முன்னாடி.