வெளிநாட்டு மருத்துவ முகாமுக்குத் தன்னார்வலராகப் போக எந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்? இரண்டு வாரம் போதுமா?

நான் மருந்தாளுநர். இந்த மாதிரி முகாம்களில் மருந்து கொடுக்கும் மேசையில் நின்றிருக்கிறேன், அதனால் என் பதில் கொஞ்சம் மருந்துப் பக்கமே சாயும்.

அறுவை சிகிச்சை நிபுணருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் இரண்டு வாரம் உருப்படியான காலம்தான். பிளவு உதட்டையோ குடலிறக்கத்தையோ சரிசெய்துவிட்டு வரலாம். அப்போதும் தையலையும் காயத்தையும் பார்க்க உள்ளூரில் ஆள் வேண்டும். மற்றவர்கள் போவதாக இருந்தால், முகாமைக் கலைத்த மறுநாள் அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்காமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

ஏனென்றால் வரிசையில் நிற்பவர்களில் நிறைய பேருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி. ஒரு வயதான அம்மாவுக்கு அழுத்தம் 190/110. மருத்துவர் அம்லோடிபின் எழுதினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உறைமேல் சூரியன் படம் வரைந்து, காலையில் ஒன்று என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார். அப்புறம் உறையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "தீர்ந்து போனால்?" என்றார். அந்த முகாமை நடத்தியதே அங்குள்ள சுகாதார நிலையம். அவர்களிடம் அதே மாத்திரை இருந்தது, அம்மாவின் பெயரும் அவர்கள் பதிவேட்டில் ஏறியிருந்தது. வேறொரு முகாமில் இதே கேள்விக்கு "அடுத்த வருடம் வருவோம்" என்றுதான் பதில் போனது. 30 மாத்திரையோடு நிற்கும் ரத்த அழுத்த சிகிச்சையால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே அமைப்புக்கு எழுதும்போது, அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதைத்தான் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். மருந்து எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதித் தேதி மிச்சமிருக்க வேண்டும், உறையில் மருந்தின் பொதுப்பெயர் (நிறுவனம் வைத்த பெயர் அல்ல) உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். மீந்துபோன இலவச மாதிரிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும் குழு என்றால் ஒதுங்கிவிடுங்கள். "அனுபவம் தேவையில்லை, ஊசி போடலாம், தையல் போடலாம்" என்று மாணவர்களைக் கூப்பிடும் விளம்பரங்களும் அப்படித்தான். உங்கள் ஊரில் செய்ய அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யக்கூடாது. அந்த நாட்டில் உங்கள் தொழிலைச் செய்யத் தற்காலிகப் பதிவு வாங்கித் தருகிறார்களா என்பதையும் பாருங்கள்.

பெரிய அமைப்புகளில், 1971இல் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சம்பளம் கொடுக்கிறது. ஆனால் முதல் பணிக்கு பொதுவாக 9 முதல் 12 மாதம் எதிர்பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் போன்ற சிலருக்கு மட்டும் குறுகிய காலம். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் அங்கே வேலை உண்டு: தண்ணீர், மின்சாரம், கணக்கு, மருந்துக் கிடங்கு. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று அறுவை சிகிச்சை செய்யும் மெர்சி ஷிப்ஸ் கப்பல்களில் சமையல்காரரும் எலக்ட்ரீசியனும்கூடத் தன்னார்வலர்களே. அங்கே பயணச் செலவு உங்களுடையது.

கிளம்புமுன் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கும் நாடு என்றால் போட்டு 10 நாள் கழிந்தபிறகுதான் சான்றிதழ் செல்லும். மலேரியா உள்ள இடம் என்றால் தடுப்பு மாத்திரை. டாக்சிசைக்ளின் எடுத்தால் திரும்பி வந்தும் நான்கு வாரம் தொடர வேண்டும். நோயாளிகளுக்கு மணிக்கணக்கில் மாத்திரை விளக்கம் சொல்லும் நம் ஆட்களே இதை வீட்டுக்கு வந்ததும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.