பூட்டிய பீரோவும் படக்கதைகளும்

நூலக மேசை: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பள்ளி நூலகர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பந்தலூர் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். இந்தக் கல்வியாண்டு முதல் நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. மூன்று பீரோக்களில் ஏறத்தாழ 1,200 நூல்கள் உள்ளன. நூலகப் பாடவேளையில் அவற்றைத் திறந்துவிட்டால், பிள்ளைகள் படக்கதைகளையும் விலங்குப் படங்கள் நிறைந்த நூல்களையுமே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். வகுப்புக்குத் தகுந்த நூல்களை நானே தேர்ந்து கொடுத்து, படித்து முடித்ததும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்கலாமா? நூல்கள் தொலைந்தால் என் தலையில் விழுமோ என்ற அச்சமும் இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

பதில்: சுருக்கம் எழுதி வாங்காதீர்கள், அம்மா. அந்தத் தவற்றை நானே இரண்டாண்டுகள் செய்திருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். கூடலூர்ப் பகுதியில் நான் பணியாற்றிய பள்ளியில், நூலைத் திருப்பித் தரும்போது சுருக்கமும் தர வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். ஒரு பருவம் முடிவதற்குள், பீரோவில் இருப்பவற்றிலேயே மிக மெலிந்த நூல்கள் எவை என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நூலின் பின்னட்டையில் அச்சாகியிருந்த நான்கு வரிகள், அச்சுப்பிழைகூட மாறாமல், பதினேழு நோட்டுகளில் இருந்தன. வழங்கல் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது, தலைமையாசிரியரும் மகிழ்ந்தார். உண்மையில் படித்தவர்கள் யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருபவன், யானைகளைப் பற்றிய ஒரே நூலை ஏழு முறை எடுத்தான். படம் பார்க்கத்தான் எடுக்கிறான் என்று முடிவுகட்டி, எட்டாம் முறை வந்தபோது வேறொரு நூலை அவன் கையில் திணித்து அனுப்பினேன். பிறகு இருப்புச் சரிபார்ப்பின்போது அந்த யானை நூலைப் புரட்டினால், ஆண் யானைகளுக்குத் தந்தம் உண்டு என்ற வரியின் அருகே, பென்சிலால் பொடி எழுத்தில், ‘எல்லா ஆணுக்கும் இல்லை. தந்தம் இல்லாததுக்கு மக்னா என்று பேர். எங்கள் லைனுக்கு வந்தது’ என்று எழுதியிருந்தான். புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் வாங்க வேண்டும் என்பதும் நான் வைத்த விதிதான். வாங்கவில்லை, யானை நூலை மறுபடியும் அவனிடமே கொடுத்தேன். அடுத்த மாதம் சுருக்க விதியையும் எடுத்துவிட்டேன்.

உங்கள் வட்டாரத்தில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கும் பாடநூலின் தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. படக்கதையில் பாதிப் பொருளைப் படமே சொல்லிவிடுவதால், புரியாத சொல் இரண்டு வந்தாலும் கதை அறுந்துபோவதில்லை. மாநில அரசின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அந்தப் பிரிவுகள் நூலைத் தேட உதவட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’ நூலை எடுத்தால் அதை வகுப்பின் முன் சுட்டிக்காட்டாதீர்கள். அன்றோடு அந்தப் பிள்ளை பீரோ பக்கம் வருவது நின்றுவிடும். நீங்கள் விரும்பும் நூலை அவர்கள் எடுக்க வேண்டுமானால், பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அதை உரக்கப் படித்து, கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, மேசையின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தொலையும் நூல்களைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நம் பள்ளிகளில் சங்கிலிக்குப் பதில் பீரோச் சாவி. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கப்படும் 1,000 நூல்களுக்கு 5 வரை தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதபட்சத்தில், ஏற்கத்தக்க இழப்பாகக் கொள்கின்றன. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூல்களும் அரிய நூல்களும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்கச் சொல்கின்றன. மாநில அரசுப் பள்ளியை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், தலைமையாசிரியரிடம் பேசும்போது கையில் வைத்திருங்கள். விலை கூடிய அகராதிகளை ஒரு பீரோவில் பூட்டிவிட்டு, மற்ற இரண்டையும் திறந்து வைக்க அவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் பள்ளி இருக்கிறது. மழைக்காலத்தில் பீரோவுக்குள் நூல்களில் பூசணம் பிடிக்கிறது. அந்துருண்டை போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு நூலகப் பொறுப்பாசிரியர்

பதில்: அந்துருண்டை பூச்சிக்கு. பூசணத்துக்குக் காரணம் ஈரமும் காற்றோட்டமின்மையும். பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். நூல்களை நெருக்கி அடுக்காதீர்கள். வெயில் தெளிந்த நாள்களில் கதவுகளைப் பகல் முழுவதும் திறந்துவிடுங்கள். பூசணம் பிடித்த நூல்களைத் தனியே பிரித்து, நிழலில் விரித்து நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். ஈரத்துணியால் துடைத்தால் பூசணம் தாளுக்குள் இழுசிவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட நூல்களின் உறையையும் கழற்றிவிடுங்கள். ஈரம் அதற்குள்தான் தங்குகிறது. பழுப்புத் தாள் உறையே போதும்.